முப்பத்தொரு ஒன்றுகள்: 2147483647 என்ற பகா எண்

2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. பினாங்கில் காலை மணி 11:14:07. பௌர்ணமிக் கணக்குப்படி அது தைப்பூச வாரம். முருகன் கோயில் உள்ள தண்ணீர்மலைப் பக்கம் தண்ணீர்ப் பந்தல் வேலைகள் மும்முரமாக நடக்கும் நாட்கள். அந்த நொடியில், 1970 தொடக்கத்திலிருந்து ஓடிய நொடிகளை எண்ணி, நேரத்தை 32 பிட் (32 இரும இலக்கம், அதில் ஒன்று + அல்லது − குறிக்கு) முழு எண்ணாக வைத்திருக்கும் ஒவ்வொரு கருவிக்குள்ளும் எண்ணிக்கை 2147483647-க்கு வந்து நிற்கும். அதற்கு அடுத்த எண்ணை எழுத அங்கே இடம் கிடையாது.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இது ஓர் எல்லை. கணிதம் படித்தவர்களுக்கு இது ஒரு பகா எண், அதுவும் நீண்ட வரலாறு உள்ள பகா எண். இரண்டு குணமும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. இந்த எண்ணை இரும முறையில் எழுதினால் 31 ஒன்றுகள் வரிசையாக நிற்கும், நடுவில் ஒரு சுழியம்கூட இருக்காது. அதாவது 2³¹ − 1. இந்த வடிவத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் போதும். இதைப் பற்றிக் கேட்கக்கூடிய கேள்விகளில் பாதிக்குக் காகிதத்திலேயே விடை காணலாம்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் வாசிக்கும் முறையில் சொன்னால், இரண்டு பில்லியன் நூற்று நாற்பத்தேழு மில்லியன் நானூற்று எண்பத்து மூன்றாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. 2, 3, 5 என்று எண்ணிக்கொண்டே வந்தால் இது 105097565-ஆவது பகா எண். இதற்கு முந்தையது 2147483629, பிந்தையது 2147483659. இந்த அளவுள்ள எண்களிடையே சராசரியாக 21 அல்லது 22 எண்ணுக்கு ஒன்றுதான் பகா எண்ணாக இருக்கும்; 18, 12 என்ற இந்த இடைவெளிகளில் விசேஷம் ஒன்றுமில்லை. விசேஷம் வடிவத்தில்தான்.

ஒன்றுகளைக் கட்டுக்கட்டாகப் பிரித்தால்

கணினியில் குறியுள்ள முழு எண்ணுக்கு ஒரு பிட் குறிக்குப் போய்விடும். ஆகவே 8, 16, 32, 64 பிட் எண்களின் மேல் எல்லைகள் முறையே 7, 15, 31, 63 ஒன்றுகள். 7 ஒன்றுகள் 127, பகா எண். 15 ஒன்றுகள் 32767. அது 7 × 31 × 151. 31 ஒன்றுகள் நம்முடைய எண். 63 ஒன்றுகள் 9223372036854775807. அது 7-ஆல் வகுபடும். நான்கு எல்லைகளில் இரண்டு மட்டுமே பகா எண்கள்.

காரணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். 15 ஒன்றுகளை மூன்று மூன்றாகக் கட்டினால் 111 என்ற கட்டு ஐந்து முறை வரும். இருமத்தில் 111 என்றால் 7. ஆகவே 7 கட்டாயம் வகுக்கும். ஐந்து ஐந்தாகக் கட்டினால் 11111, அதாவது 31, அதுவும் வகுக்கும். 63-ஐயும் மூன்று மூன்றாகக் கட்டலாம். 31 ஒன்றுகளை மட்டும் எப்படிக் கட்டினாலும் மிச்சம் விழும், ஏனென்றால் 31 ஒரு பகா எண். ஒன்றுகளின் எண்ணிக்கை பகு எண் என்றால், முழு எண்ணும் பகு எண்தான்.

இதைத் தலைகீழாகப் படிப்பதுதான் பலரும் செய்கிற தவறு. ஒன்றுகளின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தாலே போதாது. 11 ஒன்றுகள் 2047; அது 23 × 89. இத்தாலியக் கணிதர் கட்டால்டி 17, 19 ஆகிய அடுக்குகளைச் சரியாக நிறுவிவிட்டு, 23, 29, 31, 37 ஆகியவையும் அப்படித்தான் என்று சொன்னார். அதில் 31 மட்டும் தேறியது. 2²³ − 1-ஐ 47 வகுக்கும், 2²⁹ − 1-ஐ 233 வகுக்கும், 2³⁷ − 1-ஐ 223 வகுக்கும். இவ்வகை எண்களுக்குப் பெயர் தந்த மெர்சென் 1644-இல் வெளியிட்ட பட்டியலிலும் 67, 257 இரண்டும் பிழை. 61, 89, 107 மூன்றும் விட்டுப்போயின.

ஆய்லர் எதையெல்லாம் வகுக்காமல் விட்டார்

ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க அதன் வர்க்கமூலம் வரையிலுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். 2147483647-இன் வர்க்கமூலம் 46340-க்குச் சற்று மேல். 46340 வரை 4792 பகா எண்கள் இருக்கின்றன. பத்து இலக்க எண்ணை 4792 முறை கையால் வகுப்பது ஒருவரின் மாதக்கணக்கான உழைப்பு.

லெயோனார்டு ஆய்லர், பார்வை ஏறக்குறைய முழுதாகப் போய்விட்ட காலத்தில், 1772-இல் வெளியான ஒரு கடிதத்தில் இந்த எண் பகா எண்தான் என்று அறிவித்தார். அவர் செய்தது வகுத்தல்தான். ஆனால் எதை வகுக்கவே தேவையில்லை என்பதை முதலில் கண்டுகொண்டார்.

வாதம் இப்படிப் போகும். ஏதோ ஒரு பகா எண் நம் எண்ணை மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் காரணி என்று பெயரிடுவோம். அந்தக் காரணியால் 2³¹-ஐ வகுத்தால் மீதி 1. 2-இன் அடுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து இந்தக் காரணியால் வகுத்துக்கொண்டே போனால், மீதி 1 முதன்முதலில் திரும்புவது 31-ஆவது படியில்தான். 31 பகா எண் என்பதால் அதற்கு முன் திரும்ப வழியில்லை. ஃபெர்மாவின் தேற்றப்படி, காரணியில் 1-ஐக் கழித்தால் கிடைக்கும் படியிலும் மீதி 1 வந்தே ஆகவேண்டும். ஆகவே காரணி கழித்தல் 1 என்பது 31-இன் மடங்கு. காரணி ஒற்றைப்படை என்பதால் அது 62-இன் மடங்கும் ஆகும்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 2³²-ஐக் காரணியால் வகுத்தால் மீதி 2. 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். அப்படியென்றால் இந்தக் காரணியின் கணக்கில் 2 ஒரு வர்க்க எண்ணாக நடந்துகொள்கிறது. அது நடக்க, காரணியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரவேண்டும். இரண்டு நிபந்தனையையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 தரும் எண்கள் மட்டுமே தகுதி பெறும்.

46340-க்குள் அப்படிப்பட்டவை 63-ஐ விட்டுவிட்டால் 372. அதிலும் பெரும்பாலானவை பகு எண்கள். வரிசையைப் பாருங்கள்: 249 என்பது 3 × 83, 311 பகா எண், 497 என்பது 7 × 71, 559 என்பது 13 × 43, 745 ஐந்தில் முடிகிறது, 807 மூன்றால் வகுபடும், 993-உம் அப்படியே, 1055 ஐந்தில் முடிகிறது, 1241 என்பது 17 × 73, 1303 பகா எண். பத்தில் இரண்டுதான் நின்றன. 2147483647-ஐ 311-ஆல் வகுத்தால் மீதி 35. 1303-ஆல் வகுத்தால் மீதி 226. இப்படிக் கடைசி வரை போனாலும் உண்மையில் வகுக்கவேண்டியவை நூற்றுக்கும் குறைவு. 4792 என்ற மலை நூற்றுக்குள் அடங்கிவிட்டது. கணிதத்தில் சிந்தனையால் உழைப்பைக் குறைப்பது என்றால் இதுதான். இதைவிடச் சுத்தமான உதாரணம் பிள்ளைகளுக்குக் காட்டக் கிடைப்பது கடினம்.

அதன்பின் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக, அறியப்பட்ட பகா எண்களில் இதுவே பெரியதாக இருந்தது.

சோதிக்கும்போது எங்கே வழுக்கும்

இன்று கணினியில் சோதிக்கலாம், ஆனால் இந்த எண்ணுக்கென்றே சில பள்ளங்கள் காத்திருக்கின்றன.

முதல் பள்ளம் 2-ஐ வைத்துச் செய்யும் ஃபெர்மா சோதனை. சோதிக்கும் எண்ணில் 1 குறைத்து, அந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பார்கள். ஒன்றுகளின் எண்ணிக்கை பகா எண்ணாக உள்ள எந்த எண்ணும் இதில் தேறிவிடும், 2047 உட்பட. 2¹¹-ஐ 2047-ஆல் வகுத்தால் மீதி 1; 2046 என்பது 11-இன் மடங்கு; ஆகவே விடை எப்போதும் 1. சோதனை நடந்ததாகத் தோன்றும், ஆனால் ஒன்றும் சோதிக்கப்பட்டிருக்காது. அடுக்குக்கு உயர்த்தும் அடியெண் 2-க்குப் பதில் 3-ஆக இருக்கட்டும். 32 பிட்டுக்குள் உறுதியான விடை வேண்டும் என்றால், ஃபெர்மா சோதனையின் கடுமையான வடிவமான மில்லர்–ராபின் சோதனையை 2, 7, 61 என்ற மூன்று அடியெண்களுக்கும் செய்தால் போதும். 4759123141-க்குக் கீழே அது பிழைக்காது.

இரண்டாவது பள்ளம் எல்லோரும் எழுதும் அந்த எளிய சுற்று நிரலில் இருக்கிறது. வகுஎண்ணின் வர்க்கம் சோதிக்கும் எண்ணைத் தாண்டாத வரை வகுத்துக்கொண்டே போ, மீதி 0 வந்தால் பகு எண் என்று அறிவி. சின்ன எண்களுக்கு அருமையாக ஓடும். ஜாவாவில் சாதாரண 32 பிட் முழு எண்ணாக வைத்து 2147483647-ஐக் கொடுத்தால் என்ன ஆகும்? வகுஎண் 46340 வரை எல்லாம் சரி. 46341-இன் வர்க்கம் 2147488281. அது எல்லையைத் தாண்டுகிறது. ஜாவா அதைச் சுருட்டி −2147479015 என்று வைத்துக்கொள்ளும். எதிர்மறை எண் கட்டாயம் சிறியதுதானே, அதனால் சுற்று நிற்காது. அதற்குமேல் எந்த எண்ணின் வர்க்கமும் 32 பிட்டுக்குள் சுருண்டு, எல்லைக்குள்ளேயே விழும். வகுஎண் ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் 2147483647-ஐயே தொடும். தன்னைத் தானே வகுத்தால் மீதி 0. நிரல் நெடுநேரம் ஓடிவிட்டு, "பகு எண்" என்று சொல்லும். ஆய்லர் கையால் சரியாகச் சொன்ன விடையை இயந்திரம் தவறாகச் சொல்கிறது.

சரிசெய்வது ஒரே வரி. வகுஎண்ணைப் பெருக்கி ஒப்பிடாமல், சோதிக்கும் எண்ணை வகுஎண்ணால் வகுத்து வரும் ஈவோடு வகுஎண்ணை ஒப்பிடவேண்டும். வகுத்தலில் எல்லை தாண்டும் பேச்சே இல்லை. சி மொழியில் இந்தப் பிழை இன்னும் மோசம்: குறியுள்ள எண் எல்லை தாண்டினால் என்ன நடக்கும் என்பதை மொழியே வரையறுக்கவில்லை, ஆகவே நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஒவ்வொரு கம்பைலரும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளலாம்.

இவ்வகை எண்களுக்கென்றே உள்ள சோதனை லூக்கா–லேமர். 4-இல் தொடங்கவேண்டும். வர்க்கமாக்கி, 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளவேண்டும். ஒன்றுகளின் எண்ணிக்கையில் 2 குறைவாக அத்தனை முறை செய்தபின் 0 வந்தால் பகா எண். 127-க்கு ஐந்து படி: 4, 14, 67, 42, 111, 0. தேறியது. 2047-க்கு ஒன்பது படி: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. கடைசியில் 0 இல்லை, ஆகவே பகு எண். காரணி எது என்று மட்டும் இந்தச் சோதனை சொல்லாது. 2147483647-க்கு 29 படி போதும். ஆனால் நடுவில் வரும் வர்க்கங்கள் 19 இலக்கம் வரை போகும். எக்செல் 15 இலக்கத்துக்குமேல் வைத்துக்கொள்ளாது. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 9007199254740992-க்குமேல் ஒவ்வொரு முழு எண்ணையும் துல்லியமாகக் காட்டாது. அங்கே செய்தால் கடைசி இலக்கங்கள் கரைந்துபோய், 0 வரவேண்டிய இடத்தில் ஏதோ ஓர் எண் வரும். எந்த எச்சரிக்கையும் வராது.

அதே சோதனைதான் இன்றைய மாபெரும் பகா எண்களுக்கும். 2024 அக்டோபரில் லூக் டுராண்ட் கண்டறிந்த 2-இன் 136279841-ஆவது அடுக்கு கழித்தல் 1 என்ற எண் 41024320 இலக்கம் நீளம். தன்னார்வலர்களின் கணினிகளைக் கொண்டு இவ்வகைப் பகா எண்களைத் தேடும் கிம்ப்ஸ் கூட்டுத் திட்டத்தில், ஜிபியு எனப்படும் வரைகலைச் செயலிகளில் ஃபெர்மா வகைச் சோதனையில் முதலில் சிக்கியது; பிறகு வெவ்வேறு கணினிகளிலும் நிரல்களிலும் லூக்கா–லேமரால் உறுதிசெய்தார்கள். கோடிக்கணக்கான படிகளில் ஒரே ஒரு பிட் மாறிப்போனாலும் கடைசி விடை குப்பை. அதனால்தான் இத்தனை மறுசோதனை. அறியப்பட்ட 52 மெர்சென் பகா எண்களில் நம்முடையது எட்டாவது.

இதற்கு இன்னொரு தனிப் பெருமை உண்டு. 31 தானே ஐந்து ஒன்றுகளால் ஆனது. 5, 31, 2147483647 என்று ஒன்று இன்னொன்றின் அடுக்காக ஏறும் சங்கிலி இது. அடுத்த கண்ணியும் பகா எண்ணாக இருக்குமா என்ற ஆசை இயல்பானதுதான். 2147483647 ஒன்றுகளால் ஆன எண்ணை 295257526626031 மீதியின்றி வகுக்கிறது. ஆய்லரின் விதிதான் இங்கேயும்: இந்தக் காரணியில் 1 கழித்தால் 2147483647-இன் இரண்டு மடங்குக்கு 68745 மடங்கு. சங்கிலி அங்கே அறுந்தது.

மடித்துக் கூட்டுதல்

9-ஆல் வகுத்து வரும் மீதியைக் காண இலக்கங்களைக் கூட்டுவோம். 10-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதுதான் காரணம். நம் எண்ணுக்கும் அதே தந்திரம் உண்டு. 2³¹-ஐ 2147483647-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே எவ்வளவு பெரிய எண்ணையும் இருமத்தில் 31 பிட்டுகளாக மடித்துக் கூட்டிவிட்டால் மீதி கிடைத்துவிடும், வகுத்தலே வேண்டாம்.

ஒரு கணக்கு செய்து பார்ப்போம். 282475249-ஐ 16807-ஆல் பெருக்கினால் 4747561509943. இதை 2147483648-ஆல் பிரித்தால் மேல்பகுதி 2210, கீழ்ப்பகுதி 1622647863. இரண்டையும் கூட்டினால் 1622650073. அதுவே மீதி. கூட்டுத்தொகை 2147483647-ஐத் தொட்டுவிட்டாலோ தாண்டினாலோ ஒருமுறை அதைக் கழிக்கவேண்டும். இதை மறந்துவிடுவதுதான் வழக்கமான பிழை.

16807 என்பது 7⁵. இதைக் காரணமாகத்தான் எடுத்தேன். 1969-இல் ஐபிஎம் 360 கணினிகளுக்காக வெளியான ரேண்டம் எண் முறை இதுதான்: இருக்கிற எண்ணை 16807-ஆல் பெருக்கு, 2147483647-ஆல் வகுத்து மீதியை எடு. 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073, 984943658 என்று போகும். 10000-ஆவது எண் 1043618065. உங்கள் நிரல் சரியா என்று பார்க்க அந்த ஓர் எண் போதும். வேறு ஏதாவது வந்தால் எங்கோ எல்லை தாண்டியிருக்கிறது.

ஏன் 7⁵? 2-ஐ எடுத்தால் என்ன? இந்தக் கணக்கில் 2-ஆல் பெருக்குவது 31 பிட்டுகளையும் ஒரு வளையமாக ஓர் இடம் நகர்த்துவதுதான். 31 முறை நகர்த்தினால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். அது ரேண்டம் இல்லை, ராட்டினம். 1 முதல் 2147483646 வரை எல்லா எண்களையும் தொட்டுவிட்டுத்தான் திரும்பும் பெருக்கி வேண்டும். அதைச் சோதிக்க 2147483646-இன் பகாக் காரணிகள் தேவை: 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. இந்த ஏழு பகா எண்களில் ஒவ்வொன்றாலும் 2147483646-ஐ வகுத்து, வரும் ஈவின் அடுக்குக்குப் பெருக்கியை உயர்த்தவேண்டும். 2147483647-ஆல் வகுக்கும்போது ஏழில் ஒன்றில்கூட மீதி 1 வராவிட்டால் முழுச் சுற்று உறுதி. தேறுகிற எண்களில் சிறியது 7. அந்தக் காரணிகளில் 5 இல்லாததால் 7⁵-உம் தேறுகிறது. மொத்தம் 534600000 பெருக்கிகள் தேறும்.

64 பிட் பெருக்கல் இல்லாத பழைய கணினிகளில் 2147483647 = 16807 × 127773 + 2836 என்று உடைத்தார்கள். இருக்கிற எண்ணை 127773-ஆல் வகுத்து, மீதியை 16807-ஆலும் ஈவை 2836-ஆலும் பெருக்கி, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிப்பார்கள். எதிர்மறையானால் 2147483647-ஐக் கூட்டுவார்கள். மேலே உள்ள 282475249-க்கு ஈவு 2210, மீதி 96919. 1628917633-இல் 6267560 போக 1622650073. அதே விடை, 31 பிட்டை ஒருமுறைகூடத் தாண்டாமல்.

பகா எண்ணாக இருப்பதன் மதிப்பு, அதற்கு ஒன்று மேலே உள்ள 2³¹-ஐ வகுஎண்ணாக வைத்தவர்களின் கதையில் தெரியும். அதே ஐபிஎம் கணினிகளில் ஓடிய ராண்டு என்ற முறை 65539-ஆல் பெருக்கி 2³¹-ஆல் வகுத்தது. அடுத்தடுத்த மூன்று எண்களை ஒரு புள்ளியாக வைத்து வரைந்தால், எல்லாப் புள்ளிகளும் வெறும் 15 தளங்களில் படிந்து கிடந்தன. கடைசி பிட்டோ எப்போதும் ஒன்றேதான்.

2147483647-ஐ வைத்தவர்களுக்கும் எச்சரிக்கை உண்டு. தொடக்க எண்ணாக 0 கொடுத்தால் சாகும் வரை 0 மட்டுமே வரும். 1, 2, 3 என்று வரிசையாகக் கொடுத்தாலும் தொல்லை. இரண்டாவது படியில் வருபவற்றை 2147483647-ஆல் வகுத்துப் பின்னமாக்கினால் 0.13, 0.26, 0.39 என்று வரும்; முறை முழுக்க வெறும் பெருக்கல் என்பதால் ஒன்றின் இரண்டு மடங்கு, மூன்று மடங்குதான் கிடைக்கும். ஒரு சங்கத்தின் தீபாவளி விருந்தில் மேசை எண்ணையே தொடக்க எண்ணாக வைத்து அதிர்ஷ்டக் குலுக்கல் நிரல் எழுதினால், பக்கத்து மேசைகளுக்குச் சீரான இடைவெளியில் முடிவு விழும். எல்லாவற்றுக்கும் ஒரே தொடக்கம், ஒரே ஓட்டம் என்று வைப்பதே முறை. கடவுச்சொல்லுக்கோ வங்கிப் பரிமாற்றத்துக்கோ இதைத் தொடவே கூடாது: ஓர் எண்ணைப் பார்த்தவர் அடுத்ததைப் பெருக்கியே சொல்லிவிடுவார்.

பதினொன்று பதினான்கு

எல்லைக்கு வருவோம். ஆய்லரின் கடிதம் வெளியாகி 200 ஆண்டு கழித்து, 1972-இல், இன்டெல் பினாங்கில் ஆலை திறந்தது. 1985-இல் அந்நிறுவனத்தின் 80386 சிப் 32 பிட் பதிவேடுகளோடு வந்தபோது, நம் எண் சாதாரண மேசைக் கணினிக்குள்ளும் குடியேறியது. பணத்தைச் சென்னாக வைத்து 32 பிட்டில் எழுதும் கணக்கு மென்பொருளில் உச்சம் 21,474,836 ரிங்கிட் 47 சென். ஒரு கடையின் ஒரு நாள் வரவுக்குத் தாராளம். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் மொத்த இருப்புக்குப் போதாது.

நேரக் கணக்கு 1970 ஜனவரி 1, உலகப் பொதுநேரம் நள்ளிரவில் தொடங்குகிறது. அப்போது பினாங்கிலும் கோலாலம்பூரிலும் காலை மணி 7:30, எட்டு அல்ல. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் பொதுநேரத்துக்கு ஏழரை மணி முன்னால் இருந்தது. 1982 புத்தாண்டில்தான் அரை மணி தள்ளி எட்டு மணி ஆக்கினார்கள். எல்லாத் தேதிக்கும் எட்டைக் கூட்டும் நிரல், 1970-களின் பிறப்பு நேரங்களை 1800 நொடி பிந்திக் காட்டும். ஜாதகம் கணிக்கும் மென்பொருளில் இந்த அரை மணி லக்னத்தையே மாற்றிவிடலாம். நேர மண்டலப் பட்டியலில் கோலாலம்பூர் என்று தேர்ந்தெடுத்தால் பழைய மாற்றமும் சேர்ந்தே வரும். கையால் எட்டைக் கூட்டாதீர்கள்.

2038-க்கு இன்னும் காலம் இருக்கிறது என்பது தவறான நிம்மதி. மலேசியாவில் வீட்டுக் கடன் 35 ஆண்டு வரை போகும். இன்று கையெழுத்தாகும் அப்படிப்பட்ட கடனின் கடைசித் தவணைத் தேதி அந்த எல்லைக்கு அப்பால் கிடக்கிறது. தேதியை 32 பிட்டில் வைத்திருந்தால் கடைசித் தவணை 1900-களின் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும், ஏனென்றால் எல்லைக்கு அடுத்த நொடி பொதுநேரப்படி 1901 டிசம்பர் 13 என்று படிக்கப்படும்.

லினக்ஸ் 2020-இல் வந்த 5.6 பதிப்பிலிருந்து 32 பிட் கருவிகளிலும் 64 பிட் நேரத்தை ஏற்கிறது. ஆனால் ஒருமுறை பொருத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காத பெட்டிகளுக்குள் பழைய மென்பொருள் அப்படியே இருக்கும். சோதிக்க விரும்பினால், உபயோகத்தில் இல்லாத ஒரு மாற்றுக் கருவியை எடுத்து, வலையிலிருந்து கழற்றி, தேதியை 2038 ஜனவரி 19 காலை 11:10 என்று வைத்து ஐந்து நிமிடம் காத்திருங்கள். வலையில் இருந்தால் அது சரியான நேரத்தைத் தானே இழுத்துக்கொண்டு சோதனையைக் கெடுத்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் கருவியில் செய்தால் உரிமச் சான்றிதழ்கள் காலாவதியானதாக எண்ணிப் பூட்டிக்கொள்ளும்.

32 பிட்டைத் தாண்டியதும் எல்லையும் பகா எண்ணும் பிரிந்துவிடுகின்றன. நேரம் 63 ஒன்றுகளுக்குப் போய்விட்டது. அது பகு எண். மீதிக் கணக்குச் செய்பவர்களோ 61 ஒன்றுகளுக்குப் போனார்கள்: 2305843009213693951. இதைப் பகா எண் என்று 1883-இல் ரஷ்யாவின் பெர்வூஷின் நிறுவினார். பைத்தான் மொழி எண்களுக்கு ஹேஷ் மதிப்பு (தரவை விரைவாகத் தேடி எடுக்க உதவும் அடையாள எண்) காணும்போது 32 பிட் கணினியில் நம் 2147483647-ஆலும், 64 பிட் கணினியில் இந்த எண்ணாலும் வகுத்து மீதி எடுக்கிறது.

2147483647-ஐ 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128 கிடைக்கும். தன்னைத் தவிர்த்த தன் வகுஎண்களையெல்லாம் கூட்டினால் தானே வரும் நிறைவு எண் அது. 1811-இல் ஆங்கிலேயர் பீட்டர் பார்லோ, இதைவிடப் பெரிய நிறைவு எண்ணை யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை, இவை பயனற்ற வேடிக்கைப் பொருட்கள், யாரும் முயலவும் மாட்டார்கள் என்று எழுதிவைத்தார். அவர் நிறுத்திய இடத்திலிருந்து 1073741823 தள்ளித்தான் பைத்தானின் பகா எண் இருக்கிறது. 64 பிட் கணினியில் பைத்தானைத் திறந்து 2305843009213693951-இன் ஹேஷைக் கேட்டால் 0 என்று வரும். ஒன்று கூட்டிக் கேட்டால் 1.